கழுத்து தடித்த தோட்டா

“ஒரே டப்பா, ஒரே கம்பெனி. நடுவுல ஒண்ணு மட்டும் எப்படிண்ணே வேற ரகமா வருது? இது மூணாவது தடவை!”

பண்ணைக்காரர் அந்தத் தோட்டாவை மேசைமேல் வைத்தார். பயிரை மேயவரும் காட்டுப்பன்றிகளுக்காக ரைஃபிள் வைத்திருப்பவர்.

துப்பாக்கிக் கடைக்காரரின் முகம் மலர்ந்தது. எதிர் நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டார். அதில் யாராவது உட்கார்ந்து வாரக்கணக்காகிறது. மனைவி போனபிறகு வீட்டிலும் கழுவ ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான்.

“உட்காருங்க தம்பி. ஃபேக்டரில கை தவறியிருக்கும். இங்க பாருங்க.” இன்னொரு தோட்டாவைப் பக்கத்தில் நிறுத்தினார். “பித்தளைக் கூடு ரெண்டும் ஒண்ணுதான். கழுத்தைப் பாருங்க. இதுல குண்டு ஒரு நூல் தடிமன்.”

“எனக்கு ரெட்டைப் பிள்ளைங்க மாதிரிதான் தெரியுது.”

“பெத்தவளுக்குத் தெரியுமில்ல?” சிரித்தார். “உங்க துப்பாக்கிக்கு இந்தக் கழுத்து பெருசு. உள்ளே இடிக்கும். தோட்டாவைப் பின்னாலேர்ந்து அடைக்கிற போல்ட் மூடாது. மூடலேன்னா வெடிக்காது. பயமே இல்லை.”

“ஒருவேளை மூடிட்டா?”

கேள்வி கேட்க ஆள் கிடைத்ததில் கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மருந்து எரிஞ்சா வாயு வருதில்ல, அது குண்டை முன்னால தள்ளணும். குழலைவிட குண்டு தடிமன்னா? சிக்கிக்கும். வாயு எங்க போகும்? பின்பக்கம்தான். கூடு கிழியும், போல்ட் பிய்ச்சுக்கிட்டு வரும். அங்க யாரு கண்ணை வச்சுக் குறி பார்த்துக்கிட்டிருக்கான்? சுடுறவன். ஆனா அதுக்கு போல்ட்டை அடிச்சு மூடணும் தம்பி. எவன் அடிப்பான்?”

“எங்க மச்சான் அடிப்பான். டிபன் டப்பாவையே குத்தித்தான் மூடுவான்! இன்னிக்குக் காலைல போல்ட் போகலேன்னு மரச்சுத்தியலை எடுத்துட்டான். ரெண்டு போடு போட்டுட்டான்ணே. ஓடிப் போய்ப் பிடுங்கினேன். அவன் பொண்ணு வேற பக்கத்துல நின்னு வேடிக்கை பார்க்குது.”

டீ போடக் கெட்டிலை எடுத்த கை அப்படியே நின்றது.

“டீயெல்லாம் வேண்டாம்ணே, வேலை கிடக்கு. புது டப்பா ஒண்ணு கொடுங்க. இதாவது சரியா இருக்குமா?”

“இருக்கும்.” கடைக்காரர் தயாராக எடுத்து வைத்திருந்த டப்பாவைக் கொடுத்தார்.

பண்ணைக்காரர் படியிறங்கினார். கடையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. கடைக்காரர் காலி நாற்காலியைப் பார்த்தார்.

“தம்பி! இருங்க!”

தெருவுக்கே ஓடிப்போய் டப்பாவைப் பிடுங்கித் திறந்தார். உள்ளே வரிசையாக, ஒரே மினுமினுப்பில் தோட்டாக்கள். அவர் தேடவில்லை. விரல்கள் நேராகப் பின்வரிசைக்குப் போய் ஒன்றை மட்டும் உருவின. கழுத்து தடித்தது.

“என்னண்ணே, பார்க்காமலே எடுக்கறீங்க?”

கடைக்காரர் தலை நிமிரவில்லை.

“நான்தான் வச்சேன். எல்லாம் சரியா இருந்தா, நீங்க திரும்பி வரமாட்டீங்களே தம்பி.”