கப்பலுக்குச் சுடுதண்ணி

"வாப்பா, கப்பலுக்கு சுடுதண்ணி போடலாமா, வேணாமா? நீங்களே செல்லுங்க."

தாஸிமின் கையெல்லாம் துரு. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பட்டறை மேசையில் வைத்திருந்தார். அம்பிட்டியவில் ஒரு வீட்டிலிருந்து கழற்றி வந்த கீஸர் காலடியில் வயிறு திறந்து கிடந்தது.

எதிர்க் கதிரையில் கீஸரின் சொந்தக்காரர் சண்முகநாதன் உட்கார்ந்திருந்தார். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளார்க். போனில் வந்த போட்டோவை அவர்தான் முதலில் பார்த்தார். நீலத் தண்ணீர், வெள்ளைக் கப்பல், நடுவில் உயரமாக ஒரு பாய்மரம்.

"அடேயப்பா! மகன் கப்பலே வாங்கிட்டாரு. நீங்க இங்க குந்திக்கிட்டு என் வீட்டுத் துருவச் சுரண்டுறீங்களே தாஸிம் நானா!"

தாஸிம் சிரிக்கவில்லை. மகன் அரூஸ் நியூசிலாந்து போய்ப் பன்னிரண்டு வருஷம். தாய் றம்லத் மௌத்தான அன்று அவன் வரவில்லை. ஜனாஸாவை அவனுக்காக அடக்காமல் வைத்துக்கொண்டிருக்க முடியாது, அது சரி. நாற்பதாம் நாள் கத்தம் ஓதினதுக்கும் வரவில்லையே.

அடுத்த மாதம் வருஷக் கத்தம். வருகிற தேதியைச் சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, துருக் கையோடு ஓடிவந்து போனை எடுத்திருந்தார். இவன் சுடுதண்ணியைப் பற்றிக் கேட்கிறான்.

"என்ஜின் ஈக்கா?" என்றார்.

"சின்னது ஒண்டு ஈக்கி. அந்தச் சூட்டுல தண்ணி சுடுற மாதிரி ஒரு டேங்க் வைக்கலாமாம். இருபத்தஞ்சு லீட்டர்."

"ஒரு நாளைக்கி எவ்வளவு நேரம் ஓட்டுவ?"

"ஓட்டுறது கொறவு வாப்பா. அநேகமா கரையிலதான் கட்டி ஈக்கும்."

"கட்டிப் போட்ட கப்பல்ல சுடுதண்ணி ஆருக்கு மகன்? மீனுக்கா?"

சண்முகநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போனில் அரூஸும் கொஞ்சம் சிரித்தான்.

"இப்ப இங்க சரியான குளிர் வாப்பா. விடிய சுபஹுக்கு ஒழு எடுக்கப் பச்சத்தண்ணில கை வெச்சா விரலெல்லாம் வெறச்சிப் போகுது."

"ஓ, கப்பல்ல தொழுகையும் நடக்குதா? மாஷா அல்லாஹ். ஆரு கேட்டது சுடுதண்ணி, ஷஹ்மாவா?" ஷஹ்மா மருமகள்.

"இல்ல. எனக்குத்தான்."

"அதுதானே பாத்தேன். ஊட்டுல மூணு பாத்ரூம் வெச்சிருக்கிறவ அவ என்னத்துக்குக் கேக்கப்போறா!"

அரூஸ் பேச்சை மாற்றினான். "போட்டா பிரயோசனமா, இல்லாட்டி வீணா வாப்பா? அத மட்டும் செல்லுங்க" என்றான்.

கண்டியில் சுடுதண்ணி வேலை என்றால் தாஸிமைத்தான் தேடி வருவார்கள். முப்பது வருஷத் தொழில். தேவையில்லாத வீட்டுக்கு வேண்டாம் என்றும், தேவையான வீட்டுக்கு வேண்டும் என்றும் முகத்துக்கு நேரே சொல்கிற மனுஷர்.

கரையில் கட்டியிருக்கும் கப்பல் என்றால் கரையிலிருந்தே கரன்ட் இழுக்கலாம். சின்னக் கீஸர் ஒன்று அழகாக வேலை செய்யும். வேறு யார் கேட்டிருந்தாலும் தாஸிம் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

இவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

"கேளு. என்ஜின் ஓடினாத்தான் அதுல சூடு. ஓடாட்டி அந்த டேங்க் சும்மா எடத்தப் புடிச்சிக்கொண்டு கிடக்கும். கேஸ்ல எரியிற கீஸர் போட்டா, மூடின எடத்துல மூச்சடைச்சி மௌத்தாப் போவ. லீவுக்கு வெளையாடுற சாமானுக்கு கொதிக்க வெச்ச ஒரு கேத்தல் தண்ணி போதும். போடாத. வீண்."

"சரி வாப்பா. நீங்க வேணாம்டா போடல்ல."

இவ்வளவு சுலபமாக அவன் கேட்டுக்கொண்டது தாஸிமை இன்னும் எரிச்சலாக்கியது. துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துரு போகவில்லை.

"அத உடு. உம்மாட வருஷக் கத்தத்துக்கு வாரியா இல்லியா?"

"இந்த மொறயும் ஏலாது போல வாப்பா."

"ஏன் ஏலாது?"

"டிக்கட்டுக்கு... கொஞ்சம் கஷ்டமா ஈக்கி."

தாஸிம் எழுந்தே விட்டார். "கேட்டீங்களா ஐயா! கப்பல் வெச்சிருக்கிற தொரைக்கு டிக்கட்டுக்குக் கஷ்டமாம்!"

சண்முகநாதன் இந்த முறை சிரிக்கவில்லை. "விடுங்க நானா, தூரத்துல இருக்கிற புள்ள. ஸ்பீக்கர நிப்பாட்டிட்டுப் பேசுங்க."

"என்னத்துக்கு நிப்பாட்டுற? ஊரே கேக்கட்டும்!" தாஸிம் போனுக்கு நேரே குனிந்தார். "பெத்த உம்மாட மையத்த அடக்கவும் நீ வரல்ல. கபுறடிக்கு வந்து நிண்டு ஒரு துஆ கேக்கல்ல. கப்பல் வாங்க மட்டும் ஒனக்கு ஏலும், என்னா? இப்பவே செல்றேன் மகன், இந்தக் கத்தத்துக்கும் வராட்டி இனி எனக்குப் போன் எடுக்காத. ஒனக்கு வாப்பாவும் மௌத்துண்டு நெனச்சிக்க."

"வாப்பா..."

"வாப்பா கீப்பா ஒண்டும் வேணாம். அந்தக் கப்பல வித்துப்போட்டு டிக்கட்ட எடு!"

கயிறு ஒன்று காற்றில் பாய்மரத்தில் மோதும் சத்தம் போனில் கேட்டது.

"இத வித்தா நான் எங்க வாப்பா படுக்கிற?"