மூடி போடும் முன்

"அக்கா, இதை யாரு கவர்ல போட்டது?"

ஃபிரிட்ஜைத் திறந்தபடி அவன் கேட்டான். குரல் உயரவில்லை. அவன் காலைகள் எல்லாம் ஒரே மாதிரிதான். எழுவான், பால் காய்ச்சுவான், மகளை எழுப்புவான், லெட்டூஸ் கீரை டப்பாவை வெளியே எடுப்பான். இன்று டப்பா காலியாக இருந்தது. இலைகள் சொட்டச் சொட்ட ஒரு பிளாஸ்டிக் கவருக்குள், ஆப்பிள்களுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தன.

"நான்தான் தம்பி," என்றாள் மனைவியின் அக்கா. நேற்று மாலை வந்தவள். "அவ்ளோ பெரிய டப்பா இடத்தை அடைச்சுக்கிட்டு எதுக்கு? உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு அலசி, கவர்ல போட்டு வச்சேன்."

"ஈரத்தோட வச்சா கொழகொழன்னு ஆயிடும் அக்கா. ஆப்பிள் பக்கத்துல இருந்தா இன்னும் சீக்கிரம் கெட்டுப் போகும்."

மேசைமேல் துண்டை விரித்தான். இலைகளை உதறி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பினான். இன்னொரு துண்டை மேலே வைத்து ஒற்றினான். தேய்த்தால் இலை கன்றிவிடும் என்பது அவன் விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் காலடியில் ஒரு சிறிய பை. பிள்ளையின் உடுப்புகளை இரவே அதில் அடுக்கிவிட்டாள். மதியப் பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. தங்கை இறந்துபோனதிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம், பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்க்க வேண்டும். "பாப்பா இங்கதான் இருப்பா" என்பது மட்டும்தான் அவன் பதில். அதற்கு மேல் வாதாட அவனுக்கு வார்த்தை வருவதில்லை.

"அவ இருந்தப்போ இதை ஆட்டுத் தீனின்னு கேலி பண்ணுவீங்க. ஒரு இலையை வாயில வச்சிருப்பீங்களா? இப்ப என்னடான்னா அதுக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டு நிக்கிறீங்க."

"நாங்க இப்ப ஆடுதான் பெரியம்மா," என்றபடி வாயில் பேஸ்ட் நுரையோடு வந்தாள் மகள். "அப்பா பெரிய ஆடு. நான் குட்டி."

இலையைத் தொடப் போனவளை அவன் பார்த்தான். "கை?"

அவள் பாவாடையில் கையைத் துடைத்து இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

"டப்பாவுக்குள்ள இருக்கிற டிஷ்யூவைத் தொட்டுப் பாரு."

"நனைஞ்சிருக்கு."

"அப்ப?"

"மாத்தணும். கீழ ஒண்ணு, மேல ஒண்ணு." பெரியம்மாவைப் பார்த்துப் பெரிய மனுஷி போலத் தலையாட்டினாள். "தினமும் மாத்தணும் பெரியம்மா. இல்லேன்னா அப்பா தூங்க மாட்டாரு."

"போய் வாயைக் கொப்புளி," என்று அவளை அனுப்பினான்.

அக்கா அவள் போகும்வரை காத்திருந்தாள்.

"அவ அலமாரி பூட்டியபடியே கிடக்கு. அவ செருப்பு வாசல்ல தூசி படிஞ்சு கிடக்கு. நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கல. இந்த இலை வாடக் கூடாதுன்னு மட்டும் இத்தனை பாடு. இப்படிக் கல்லு மாதிரி இருக்கிறவர்கிட்ட நான் எப்படித் தம்பி பிள்ளையை விட்டுட்டுப் போவேன்?"

"ஒரே ஒரு தடவை இலையை அழுக விட்டுட்டேன் அக்கா. அவ போன அன்னிக்கு வந்த கூட்டத்துல யாரோ ஈரத்தோட அள்ளிப் போட்டு மூடிட்டாங்க. நான் கவனிக்கல. இனிமே இந்த வீட்டுல ஒரு இலைகூட அழுகாது."

"நான் பிள்ளையைப் பத்திப் பேசறேன், நீங்க டப்பாவைப் பத்திப் பேசறீங்க."

அவன் ஓர் இலையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் ஒற்றினான்.

அக்காவின் குரல் தணிந்தது. "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. எப்பக் கேட்டாலும் 'பெருசா ஒண்ணும் சொல்லல'ன்னு நழுவிடறீங்க. கடைசியா அவகூட இருந்தது நீங்க மட்டும்தான். பிள்ளையை என்கிட்ட விடச் சொன்னாளா? அதைத்தானே மறைக்கிறீங்க?"

அவன் கை நின்றது.

"உங்களைப் பத்தியும் சொல்லல, பாப்பாவைப் பத்தியும் சொல்லல, என்னைப் பத்தியும் சொல்லல. சொன்னா உங்க மனசு ஆறாதுன்னுதான் சொல்லாம இருந்தேன்."

"பரவாயில்ல. சொல்லுங்க."

"இதே மேசைகிட்டதான் நின்னுக்கிட்டிருந்தா. திடீர்னு தலை வலிக்குதுன்னா. படுக்கப் போனவ கதவைப் பிடிச்சுக்கிட்டு ஒரு தடவை திரும்பினா. அப்பச் சொன்னதுதான். நான் காபி எடுத்துக்கிட்டுப் போறதுக்குள்ள..."

அவன் பிறகு அவள் சொன்னதைச் சொன்னான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அக்கா அந்த இலைகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து பையின் ஜிப்பைத் திறந்து, பிள்ளையின் உடுப்புகளை எடுத்து நாற்காலிமேல் வைத்தாள். குழாயடியில் கை கழுவினாள். நன்றாகத் துடைத்தாள். துண்டின் மறுமுனையைப் பிடித்து, அவனுக்கு எதிரே நின்று இலைகளை ஒற்றத் தொடங்கினாள்.

தங்கை கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்:

"ஏங்க, கொஞ்சம் படுத்து எந்திரிக்கறேன். இலை காயட்டும், ஈரத்தோட மூடி போட்டுடாதீங்க. நான் வந்து எடுத்து வச்சுக்கறேன்."