இருபது சிவப்புப் புள்ளிகள்

ஜன்னல் திரை வழியே கிரீஸின் பத்ராஸ் துறைமுகத்தின் வெயில் ஊசிமுனையில் வந்து நிற்கிறது. ஒற்றைத் தலைவலிக்கு மூன்றாம் முறை போடாக்ஸ் போட்டுக்கொள்ள நெற்றியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் தெஸ்பினா. டாக்டர் கலியோபி ஊசியைத் தொடாமல் வலிக் குறிப்பேட்டையே புரட்டிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் வலித்தது நாலே நாள். குறைந்துவிட்டதென்று தெரிந்தால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, காலையில் காபி ஆற ஆற, இருபது கட்டங்களில் வலித்த நாளென்று சிவப்புப் புள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறாள் தெஸ்பினா. "கொஞ்சங்கூடக் குறையலையா?" "எங்க குறைஞ்சுது டாக்டர், உயிர் போகுது." கலியோபி ஊசிக்கு மூடியைப் போடுகிறாள், டக்கென்று சத்தம். "ரெண்டு தடவை போட்டும் கேக்கலைன்னா விட்டுடணும்மா. குறைஞ்சிருந்தாத்தான் மேல போடலாம்." நீட்டிய குறிப்பேட்டை வாங்கத் தெஸ்பினாவுக்குக் கை வரவில்லை. மூன்று வாரமாக வலிக்காத இடது நெற்றிப்பொட்டில் ஒரு நரம்பு சுரீரென்று துடிக்கிறது.