திரைக்குக் கீழே ஒரு விரல்

விசைத்தறிக் கூடத்தில் முப்பது வருடம் நின்றவர்கள் கண்ணால்தான் கேட்பார்கள், தங்கங்களா. அந்த இரைச்சலில் புருவமும் தோளும்தான் பேச்சு. அர்த்தநாரிக்குக் காது அங்கேயே போயிற்று. ஏதோ செடியிலிருந்து பிரித்த மருந்து, காதுக்குள் பட்டுப்போன நுண்மயிர்களைத் திரும்பத் துளிர்க்க வைக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் மூன்று மாதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அன்று சோதனை. கண்ணாடிக் கூண்டுக்குள் அவர். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சரியாகத் தூக்கினார்.

"மருந்து வேலை செய்யுதுங்கம்மா," என்று வெளியே பொத்தானை அழுத்திச் சத்தம் அனுப்பிய பெண் சிரித்தாள்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி பாவாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அழுத்தும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் தோள் லேசாக இறங்கியது. கூண்டுக்குள்ளிருந்து அவர் அதைத்தான் பார்த்தார்; பார்ப்பது அவருக்கே தெரியாது.

"அம்மிணி, அந்தத் திரையை இழுத்து விடு," என்றாள் பாவாயி.

"எதுக்குங்க, நல்லாத்தான வருது?"

"இழுத்து விடு கண்ணு."

திரை அவர் முகத்தை மறைத்தது. முழங்கால்மேல் கிடந்த கை மட்டும் தெரிந்தது. பெண் அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். விரல் எழவில்லை. பாவாயியின் கால் பதற்றத்தில் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பெண் பொத்தானை விட்டுப் பேனாவை எடுத்தாள்.

அப்போது விரல் மெல்ல எழுந்தது.

"கேக்குது புள்ள," என்றார் உள்ளேயிருந்து. "தட்டுத் தட்டுன்னு, நிக்காம கேக்குது."

பாவாயி தன் காலைப் பார்த்தாள். நிறுத்திய பிறகும் கேட்கிறது என்று அவர் சொல்லிவிட்டால்? அதை நிறுத்த அவளுக்குப் பயமாக இருந்தது.