ஏழாம் எண் வீட்டின் நிலை

பள்ளிக்கூட மாடியில், ஐந்தாம் வகுப்பறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஆசிரியர் நாற்காலியில் வெள்ளத் தடுப்புக் கமிட்டித் தலைவர். முதல் பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க, கமிட்டி எழுத்தர். ஜன்னல் திண்டில் சொட்டச் சொட்டப் படகுக்காரர். கவிழ்த்த அண்டாவின் மேல் டீ கேனோடு சமையல்கார அக்கா. ஒருவர் காலும் தரையில் படவில்லை. தரை காய்ந்துதான் கிடந்தது. வருஷா வருஷம் முழுகி முழுகி வந்த பழக்கம்.

கரும்பலகையில் படகு விதி எழுதியிருந்தது: 'முதலில் கர்ப்பிணிகள். அடுத்து முதியோர். அடுத்து குழந்தைகள். மற்றவர்கள், வீடு முழுகினால் மட்டும்.'

மூன்று மணிக்கு மதகு திறக்கப் போகிறார்கள். அதற்குள் படகு இன்னும் ஒரே நடைதான் போய்வர முடியும். அதிலும் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. ஆற்றங்கரை ஏழாம் எண் வீட்டில் எழுத்தரின் மனைவி தனியாக இருந்தாள். கேட்க வாய் வராமல், அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மூணாம் நம்பர்?" என்றார் தலைவர்.

"முழுகிடுச்சு," என்றார் எல்லா வீட்டையும் விசாரித்துவிட்டு வந்திருந்த படகுக்காரர்.

"நிலை, முழுகியது. காரணம், கனமழை. எழுதுய்யா. அடுத்து?"

"உங்க வீடு, தலைவரே. கூடத்துல மீன் ஓடுது."

"காரணம், இயற்கை."

ஏரியைத் தூர்த்து அவர் கட்டிய வீடு அது. யாரும் சிரிக்கவில்லை, டீ கேன் மூடி மட்டும் கடகடத்தது.

"ஏழாம் நம்பர்?" எழுத்தரே கேட்டுவிட்டார்.

"படகுலேர்ந்தே கத்தினேன். உங்க வீட்டம்மா மாடியிலேர்ந்து எட்டிப் பார்த்தாங்க. 'முழுகாம இருக்கேன், அவர்கிட்ட சொல்லிடுங்க'ன்னாங்க. சிரிச்சுட்டு உள்ள ஓடிட்டாங்க."

"சுத்தி வெள்ளம், இதுல சிரிப்பா! தைரியசாலிய்யா உன் பொண்டாட்டி," என்றார் தலைவர். "முழுகலைன்னா சீட்டு இல்ல. பரண்மேல என் டிவி இருக்கு, அந்த இடத்துல அதை ஏத்திக்கலாம்."

"இல்ல தலைவரே, மதகு திறந்துட்டா..."

"ஊருக்கு ஒரு சட்டம், கமிட்டிக்காரன் பொண்டாட்டிக்கு ஒரு சட்டமா? அந்தம்மாவே வாயைத் திறந்து சொல்லியாச்சு. சொன்னதைச் சொன்னபடி எழுது."

எழுத்தர் எதையும் சொன்னபடி எழுதுகிற மனிதர். எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"இதுக்குக் காரணம்னு என்ன போட?"

"என்னைப் போடு! நீ ஃபைலே கதின்னு இங்க கிடந்தே. அங்க நின்னு மூச்சு வாங்க மணல் மூட்டை அடுக்கினது யாரு?"

அது உண்மைதான். அதையும் எழுதினார்.

மேலதிகாரிக்குப் போகும் கடிதம் அல்லவா? தலைவர் எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்து, கடைசி வரியை வாசித்துப் பார்த்தார். "ஏழாம் எண், எழுத்தரின் மனைவி. நிலை, முழுகாமல் இருக்கிறார். காரணம், தலைவர்."

அக்கா கையிலிருந்த டீ தளும்பியது.

உறையில் பசை தடவி, முத்திரை குத்தி, நீட்டினார்கள். படகுக்காரர் அதை பிளாஸ்டிக் பையில் சுருட்டி, இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினார்.

அக்கா அண்டாவிலிருந்து குதித்து ஜன்னலுக்கு ஓடினாள். "அண்ணே! டிவியும் வேணாம், மண்ணும் வேணாம். நேரா ஏழாம் நம்பருக்குப் போங்க! போர்டுல முதல் வரியே அந்தப் பொண்ணுக்குத்தான்!"

"சரிக்கா!" என்றது கீழிருந்து குரல். கடிதத்தோடு படகு நகர்ந்தது.

தலைவர் போர்டைப் பார்த்தார். எழுத்தர் தலைவரைப் பார்த்தார். அக்கா ஒரு டீயை எழுத்தர் கையில் வைத்தாள்.

"நல்ல சேதிதான் தம்பி. ஆனா காரணம்னு அவர் பேரை எதுக்குப் போட்டீங்க?"