சடைச்சி கொல்லையின் ஆதிநிலை

எல்லா நிலத்தையும் ஆதிநிலைக்கே திருப்ப வேண்டும், எந்த மண்ணடுக்கு மிகப் பழையதோ அதன் சாட்சியே செல்லும் என்று சட்டம் வந்தது. ஜவ்வாது மலையில் எல்லோரையும் கீழே இறக்கிவிட்டு, அவர்கள் நிலங்களில் காடு நட்டார்கள். மிஞ்சியது சடைச்சியின் சாமைக் கொல்லை மட்டும்தான். அதற்கும் மண்ணைத் துளைத்துத் தீர்ப்புச் சொல்லும் எந்திரத்தோடும் நாலு கேமராவோடும் ஆணையர் முனைவர் இளம்பரிதி வந்து இறங்கினார்.

மூன்றடியில் எந்திரம், "காடு" என்றது. ஆணையர் உடனே கேமராவுக்கு முகம் திருப்பி, மனிதக் கை படாத வனத்தின் மகிமையைப் பேசத் தொடங்கினார்.

கிணறு வெட்டியபோது அடியிலிருந்து கரிமண்ணைக் கூடை கூடையாக அள்ளிக் கொட்டியவள் சடைச்சி.

"அவ்வளவுதானா சார்? எங்க பன்னியே இதைவிட ஆழமாத் தோண்டுமே."

கேமராக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். ஆணையருக்கு அது பொறுக்கவில்லை.

"பத்தடி போடு."

எட்டடியில் கரி வந்தது, கூடவே கருகிய சாமை உமி. "மூவாயிரம் ஆண்டு. காட்டை எரித்து விதைத்த கொல்லை" என்றது எந்திரம்.

"இன்னும் கீழே போ" என்றார் ஆணையர், வியர்வையைத் துடைத்தபடி.

துளையூசி பாறையில் முட்டி நின்றது. "இதற்குக் கீழே மண்ணடுக்கு இல்லை" என்றது எந்திரம். "சுற்றிலும் இதே அடுக்குதான். ஆணையம் நட்ட காடு உட்பட அனைத்தும் கொல்லையாகுக. தீர்ப்பு முடிந்தது."

சடைச்சி போனை எடுத்தாள்.

"கொழுந்தனாரே, விதைச் சாமையோட எல்லாரும் மேல வாங்க. ஆளுக்கொரு அருவா போதும். மரம் வெட்ட ஆணையரும் கூட இருக்காரு."