இருபத்தைந்தாவது பைன்

ஹந்தானைச் சரிவில் பைன் மரங்களை வரிசைக்கு ஆறாக, நான்கு வரிசையில் நட்டிருந்தார்கள். அன்று மாலைக்குள் கணக்கைக் கொடுக்காவிட்டால் என் ஆய்வு நின்றுவிடும். எண்ணிய மரத்தில் நான் வெண்கட்டியால் இலக்கமிட, உதவிக்கு வந்த மரகதம் கொப்பியில் எழுதினாள். இருபத்தைந்து வந்தது. அழித்துவிட்டு மறுபடி எண்ணியும் இருபத்தைந்துதான்.

"மரத்தடிப் புதர்ல இருக்கிற பழத்தையெல்லாம் தின்னுக்கிட்டே எண்ணினா இப்பிடித்தான் அக்கா!" என்றாள். அவள் நாக்கும் ஊதாவாக இருந்தது.

சிரித்தபடி, பழப்புதர்களுக்கு நடுவே அசையாமல் நின்றேன். எங்கள் வீட்டில்கூட இத்தனை நிம்மதியாக நான் நின்றதில்லை.

"அக்கா, உங்க முதுகப் பாருங்க!"

மழைக்கோட்டைக் கழற்றினேன். அதன் முதுகில், என் கையெழுத்தில், 25. வெண்கட்டியை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

மாலையில் இருபத்தைந்து என்றே எழுதிக் கொடுத்தேன்.